அச்சமும் காவலும்: ஹலோவீன் காலத் திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு மேலைநாடுகளில் ஹலோவீன் எனக் கொண்டாடப்படுகின்றது. கிறிஸ்தவர்கள் புனிதர் அனைவரையும் நினைவுகூரும் நவம்பர் 1ஆம் திகதிக்கு முந்திய இரவு அது. அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் குளிர்காலத்தின் வாயிலிற் கொண்டாடப்பட்ட பழைய விழாவொன்றின் எச்சங்கள் அதனுட் கலந்துள்ளன என்பர். இறந்தோர் உலகுக்கும் இருப்போர் உலகுக்கும் இடையிலுள்ள கதவு அவ்விரவிற் சற்றே திறக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டிற் கடல் கடந்து சென்ற ஐரிஷ், ஸ்கொத்திய மக்கள் இவ்வழக்கத்தை வட அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். தாய்நாட்டிற் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு அங்கே பூசணிக்காய் விளக்காயிற்று. சிறுவர் பேய்வேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்பது அவ்விரவின் முக்கிய நிகழ்ச்சியாயிற்று. திரைப்படம் பெருகிய பின்னர் இவ்விழாவுடன் இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. அச்சமூட்டும் திரைப்படமொன்றைத் தெரிந்து, பலரும் கூடியிருந்து பார்ப்பதே அவ்வழக்கம்.

எப்படத்தைத் தெரிவது என்பதே இங்கு எழும் வினா. அதற்கு விடை கூறுவோரிடையே இருவகை மனப்பாங்கினை அவதானிக்கலாம். ஒரு சாரார் இவ்வகைப் படங்கள் அனைத்தையும் மலினமான வணிகச் சரக்கெனத் தள்ளிவிடுவர். மறு சாரார் எத்தனை முறை திடுக்குற்றோம், எவ்வளவு இரத்தம் சிந்தப்பட்டது என்னும் கணக்கைக் கொண்டு படங்களை வரிசைப்படுத்துவர். மேலோட்டமாக நோக்கின் இவை ஒன்றுக்கொன்று எதிரானவை. உண்மையில் இரண்டும் ஒரே இடத்திலேயே தவறுகின்றன. பார்வையாளன் எதற்கு அஞ்சுகிறான் என்ற வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. அச்சத்தின் அளவை அறிவதற்கு முன்னர் அச்சத்தின் பொருளை அறிதல் வேண்டும்.

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்கு நன்கு பழக்கமான ஓர் அளவுகோல் பயன்தரக்கூடும். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சம் கூறப்படுகின்றது. அது பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் வைக்கப்பட்டுள்ளன. வருத்தும் இயல்புடைய தெய்வ ஆற்றல், கொல்லும் விலங்கு, பொருளையும் உயிரையும் கவர வரும் மனிதர், தம்மை ஆளும் தலைவர் என இவற்றைப் பொதுப்படக் கொள்ளலாம். இவ்வரிசையில் ஒரு நுட்பம் மனங்கொளத்தக்கது. முதல் மூன்றும் வெளியிலிருந்து வருபவை. நான்காவதற்கு மாத்திரமே ‘தம்’ என்னும் உரிமைச் சொல் அடையாக நிற்கின்றது. அணங்கையும் விலங்கையும் கள்வரையும் தடுத்துக் காக்கவேண்டியவன் இறைவன். அவனே அச்சத்தின் நிலைக்களனாகும்போது ஓடி ஒளிப்பதற்கு வேறு இடம் இல்லை. ஆகவே நான்கினுள்ளும் கொடியது அந்நான்காவதே எனலாம்.

மேலைநாட்டு அச்சத் திரைப்படங்களை இந்நான்கு தலைப்பின்கீழ் வகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். சாதாரண படம் முதல் மூன்றில் ஒன்றோடு நின்றுவிடுகின்றது. பேய் ஓட்டப்படும், விலங்கு கொல்லப்படும், கொலையாளி பிடிபடுவான். பார்வையாளன் ஆறுதலுடன் வீடு திரும்புவான். சிறந்த படமோ முதல் மூன்றில் ஒன்றில் தொடங்கி நான்காவதில் வந்து முடிகின்றது. காக்க வந்த கை எது, அது என்ன செய்தது என்ற வினாவைப் பார்வையாளனிடம் விட்டுச் செல்கின்றது. ஹலோவீன் காலத்திற் பார்ப்பதற்குரியனவாகப் பரிந்துரைக்கத்தக்க நான்கு படங்களை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, 1961இல் பிரித்தானியாவில் வெளியான ‘த இன்னசென்ட்ஸ்’. ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட ‘த டேர்ன் ஒவ் த ஸ்குரூ’ என்னும் குறுநாவலைத் தழுவிய இப்படத்தை ஜக் கிளேட்டன் நெறியாள்கை செய்தார். பெற்றோரை இழந்த இரு குழந்தைகளின் பராமரிப்புப் பொறுப்பு இலண்டனில் வாழும் அவர்களது சிறிய தந்தையைச் சேர்கின்றது. செல்வரான அவர் குழந்தைகளைத் தூரத்து மாளிகையொன்றில் வைத்து, கிடன்ஸ் என்னும் வீட்டாசிரியையிடம் ஒப்படைக்கின்றார். எக்காரணம் கொண்டும் தம்மைத் தொந்தரவு செய்தலாகாது என்பதே அவர் விதிக்கும் ஒரே நிபந்தனை. மாளிகையில் முன்னர் பணியாற்றி இறந்த ஓர் ஆணினதும் பெண்ணினதும் உருவங்கள் ஆசிரியையின் கண்ணுக்குப் புலப்படத் தொடங்குகின்றன. அவை குழந்தைகளைப் பற்றியுள்ளன என அவள் உறுதியாக நம்புகின்றாள்.

இதுவே அணங்கு பற்றிய அச்சம். இவ்வச்சத்தைப் படம் காட்டும் முறை தனிச்சிறப்புடையது. ஏரியின் மறுகரையில், நாணற்புல்லின் நடுவே, பட்டப்பகலில், கருநிற ஆடையணிந்த பெண்ணுருவொன்று அசைவின்றி நிற்கின்றது. அது நெருங்கி வருவதுமில்லை, மிரட்டுவதுமில்லை. ஒளிப்பதிவாளர் பிரெடி பிரான்சிஸ் அகலத்திரைச் சட்டகத்தின் ஓரங்களை வர்ணம் பூசிய வடிகட்டிகளால் இருளச் செய்துள்ளமையால், நடுவில் ஒளிபெற்ற பகுதிக்கு அப்பால் எப்போதும் ஏதோ ஒன்று காத்திருப்பது போன்ற உணர்வு நிலவுகின்றது. ஆயினும் அவ்வுருவங்களை ஆசிரியை ஒருத்தியே கண்டதாகக் கூறுகின்றாள். அவை உண்மையோ, அவளது கலங்கிய மனத்தின் படைப்போ என்பதைப் படம் இறுதிவரை தீர்த்துவைப்பதில்லை.

தீர்த்துவைக்காமையே அதன் வெற்றி. பேய் உண்டா இல்லையா என்ற ஐயம் நீடிக்கையில் வேறொன்று ஐயமறத் தெளிவாகின்றது. இறுதிக் காட்சியில் சிறுவன் மைல்ஸைத் தனியே நிறுத்தி, இறந்தவனின் பெயரைச் சொல்லும்படி ஆசிரியை வற்புறுத்துகின்றாள். பெயர் அவன் வாயிலிருந்து வந்ததும் உயிரும் பிரிகின்றது. குழந்தையைக் காப்பதாக எண்ணியவளின் கைகளிலேயே குழந்தை இறக்கின்றது. பொறுப்பைக் கைகழுவிய சிறிய தந்தையும் பொறுப்பை அளவுக்கு மீறிச் சுமந்த ஆசிரியையும் சேர்ந்தே அக்கொலையைச் செய்கின்றனர். அணங்கிற் பிறந்த அச்சம் இறையில் வந்து முடிகின்றது.

இரண்டாவது, 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் வெளியிட்ட ‘கட் பீப்பிள்’. தயாரிப்பாளர் வல் லூட்டனுக்கு அந்நிறுவனம் இட்ட கட்டளைகள் மூன்று: படமொன்றின் செலவு 1,50,000 டொலரைத் தாண்டலாகாது, ஓடும் நேரம் 75 நிமிடத்தை மீறலாகாது, தலைப்பை நிறுவனமே தரும். இவ்வாறு தலைப்பு முந்திப் பிறந்து கதை பிந்திப் பிறந்த படம் இது. ஜக் தூர்னர் நெறியாள்கை செய்தார். பணத்தட்டுப்பாடு இங்கு அழகியலாக மாறியமை அவதானிக்கத்தக்கது. விலங்கைக் காட்டப் பணம் இல்லாதபோது விலங்கின் நிழலையும் ஒலியையும் மாத்திரம் கொண்டு படம் அமைந்தது.

சேர்பியாவிலிருந்து நியூயோர்க்குக்கு வந்து வாழும் ஐரீனா, தன் ஊரின் பழைய சாபமொன்று தன்னையும் தொடர்வதாக நம்புகின்றாள். காதலோ சினமோ மிகுந்தால் தான் கருஞ்சிறுத்தையாக மாறிவிடுவேன் என அஞ்சி, மணந்த கணவனையும் நெருங்க விடாதிருக்கின்றாள். கணவனுடன் பணியாற்றும் அலிஸ் இரவில் நீச்சல் தடாகத்திற் தனியே நிற்கும் காட்சி பலராலும் விதந்து பேசப்படுவது. சுவரில் நீரின் ஒளி அலைகின்றது. எங்கோ உறுமல் கேட்கின்றது. விலங்கு எதுவும் தெளிவாகத் தென்படுவதில்லை. இன்னொரு காட்சியில் ஆளரவமற்ற வீதியில் அலிஸைப் பின்தொடரும் காலடியோசை திடீரென நின்றுவிடுகின்றது. சீறலோடு சட்டகத்துட் பாய்வது விலங்கன்று, ஒரு பஸ். பிற்காலப் படங்கள் ஆயிரம் முறை பயன்படுத்திய இவ்வுத்தியின் மூலம் இங்கேயே உள்ளது. அவற்றுட் பல திடுக்கிடலை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்திய அமைதியைக் கைவிட்டன.

ஆயினும் ஐரீனாவின் அவலம் விலங்கினால் வந்ததன்று. அவள் தன் அச்சத்தை வாய்விட்டுக் கூறுகின்றாள். கணவன் அதைக் குழந்தைத்தனமான கதையெனக் கருதுகின்றான். அவளைக் குணப்படுத்தவென அமர்த்தப்பட்ட உளவைத்தியர், சிகிச்சையின் பெயரால் அவளது எல்லையை மீறி முத்தமிட முனைகின்றார். அவ்வேளையிலேயே அவள் அஞ்சியது நிகழ்கின்றது. காவலுக்கு உரியவர் இருவரும் அவளைக் கேளாதொழிந்தமையே விலங்கைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டது. அந்நிய நாட்டிலிருந்து வந்த பெண்ணொருத்தியின் சொல் நம்பப்படாமையின் கதையாகவும் இப்படத்தை வாசிக்க இடமுண்டு.

மூன்றாவது, விழாவின் பெயரையே தாங்கி 1978இல் வெளியான ‘ஹலோவீன்’. ஜோன் கார்ப்பென்டர் நெறியாள்கை செய்து, டெப்ரா ஹில்லுடன் சேர்ந்து கதை வசனம் எழுதி, இசையும் தாமே அமைத்த இப்படம் ஏறத்தாழ 3 இலட்சம் டொலர்ச் செலவில் உருவாயிற்று. கதை இலினோய் மாநிலத்தின் சிற்றூரொன்றில் நிகழ்வதாகக் கூறப்படினும், படப்பிடிப்பு நடந்தது கலிபோர்னியாவில், வசந்த காலத்தில். இலையுதிர்காலத் தோற்றத்துக்காக வர்ணம் தீட்டிய இலைகளை வீதியிற் பரப்ப வேண்டியிருந்தது. ஆறு வயதில் தன் தமக்கையைக் கொன்ற மைக்கல் மயேர்ஸ், பதினைந்து ஆண்டுகளின் பின்னர் மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பி ஹலோவீன் நாளில் தன் ஊருக்குத் திரும்புகின்றான். பூட்டிய வீட்டினுள் இருளில் நுழைந்து உயிரைக் கவரும் இவனைக் கள்வர் என்னும் தலைப்பின்கீழ் அடக்குதல் பொருந்தும்.

படத்தின் தொடக்கக் காட்சி கொலையாளியின் கண்கொண்டே காட்டப்படுகின்றது. கமரா வீட்டைச் சுற்றி வருகின்றது, சமையலறையிற் கத்தியை எடுக்கின்றது, மாடிப்படி ஏறுகின்றது. கொலை முடிந்து முகமூடி கழற்றப்படும்போதே அக்கண்கள் ஒரு குழந்தையின் கண்கள் என்பது தெரியவருகின்றது. பாலுறவு நாடும் இளம்பெண்களே இதிற் கொல்லப்படுகின்றனர், எனவே இது ஒழுக்கத் தண்டனையைப் போதிக்கும் படம் என்று குற்றஞ்சாட்டிய திறனாய்வாளர் உளர். அக்குற்றச்சாட்டு முற்றாகப் புறந்தள்ளக்கூடியதன்று. இதனைப் பின்பற்றி வந்த பல படங்கள் அவ்வாறே செய்தன. ஆயினும் இப்படத்தின் மையம் வேறோரிடத்தில் உள்ளது.

அம்மையத்தை அறிய, லோரி என்னும் மாணவி உயிர்தப்பி வீதிக்கு ஓடிவரும் காட்சியை நோக்குதல் வேண்டும். அவள் அயல்வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகின்றாள். வாசல் விளக்கு எரிகின்றது, யன்னல் மறைப்பினூடே எவரோ எட்டிப் பார்க்கின்றனர், விளக்கு அணைகின்றது. சில வினாடிகளே நீடிக்கும் இக்காட்சி படத்திலுள்ள எல்லாக் கொலைகளையும் விடக் கொடியது. அயலார் விளக்கை அணைப்பதற்கு முகமூடி தேவைப்படவில்லை. இவ்வூரின் ஷெரிப், தப்பியவனை எதிர்பார்த்துப் பாழ்வீட்டின் அருகே காத்திருக்கையில், அவரது சொந்த மகளே வேறு வீட்டிற் கொல்லப்படுகின்றாள். பெற்றோர் எவரும் வேண்டிய வேளையில் வீட்டில் இல்லை. பசும்புற்றரையும் வெண்ணிற வேலியும் கொண்ட நடுத்தர வர்க்கப் புறநகர், பாதுகாப்பென்ற பெயரால் விலைக்கு வாங்கிய தனிமையே அங்கு அம்பலமாகின்றது. இறுதியிற் சுடப்பட்டு விழுந்தவனின் உடல் காணாமற் போகின்றது. பின்னர் கமரா வெறும் அறைகளையும் வீடுகளையும் ஒவ்வொன்றாகக் காட்ட, மூச்சொலி மாத்திரம் கேட்கின்றது.

1981இல் வந்த இரண்டாம் பாகம் லோரியைக் கொலையாளியின் தங்கையாக்கி அவன் செயலுக்குக் குடும்பக் காரணமொன்றைக் கற்பித்தது. காரணம் கிடைத்ததும் அச்சம் குறைந்தது. அது பிறர் வீட்டு விவகாரமாயிற்று. முதற்படத்தை மாத்திரம் பார்ப்பதே போதுமானது.

நான்காவது, ‘நைட் ஒவ் த லிவிங் டெட்’. ஜோர்ஜ் ரொமேரோ பிற்ஸ்பேர்க் நகரை அண்டிய பகுதியில், ஹொலிவூட்டின் தயவின்றி, ஏறத்தாழ 1,14,000 டொலர்ச் செலவிற் கறுப்பு வெள்ளையில் ஆக்கிய இப்படம் 1968 ஒக்டோபரில் வெளியாயிற்று. இறந்தோர் எழுந்து இருப்போரைத் தின்னத் தொடங்குகின்றனர். எழுவர் பண்ணை வீடொன்றில் அடைபடுகின்றனர். அவர்களுட் காயமுற்ற சிறுமியும் ஒருத்தி. நிலவறையுள் ஒளிப்பதா, தரைத்தளத்தில் நின்று எதிர்ப்பதா என்பதில் பென் என்னும் கறுப்பின இளைஞனுக்கும் கூப்பர் என்னும் வெள்ளையினக் குடும்பத்தலைவனுக்கும் இடையே மூளும் பிணக்கே படத்தின் பெரும்பகுதி. வெளியே பிணங்கள் கதவை உடைக்கின்றன. உள்ளே மனிதர் உடன்பாடின்றி அழிகின்றனர். நோயுற்ற மகள் பிணமாகி எழுந்து தாயைக் கொல்கின்றாள்.

இப்படத்துக்குக் குறைகளும் உள. தமையன் இறந்ததைக் கண்ட பார்பரா என்னும் பெண் படத்தின் பெரும்பகுதியில் வெறித்த பார்வையுடன் அமர்ந்திருப்பவளாகவே வார்க்கப்பட்டுள்ளாள். 1990இல் டொம் சவினி நெறியாண்ட மறுபதிப்புக்கு ரொமேரோவே எழுதிய கதையில் அவள் துணிந்து போராடுபவளாக மாற்றப்பட்டமை அக்குறையை ஒப்புக்கொண்டது போன்றதே. எனினும் மூலப்படத்தின் இறுதிக் காட்சியை மறுபதிப்பால் எட்ட முடியவில்லை.

அக்காட்சி வருமாறு. எல்லோரும் இறந்தபின், தான் மறுத்துவந்த அதே நிலவறையில் ஒளிந்து பென் ஒருவனே இரவைக் கடக்கின்றான். விடிகின்றது. ஷெரிப்பின் தலைமையில் ஆயுதந்தரித்த வெள்ளையினத்தவரின் தேடற்குழு நாய்களுடன் வருகின்றது. மீட்போர் வந்தனர் என எண்ணி யன்னலருகே வரும் பென்னை அவர்கள் பிணமெனக் கருதி நெற்றியிற் சுடுகின்றனர். அடுத்து வருபவை அசையாத புகைப்படங்கள்: இறைச்சிக் கொளுக்கிகள் ஏந்திய கைகள், இழுத்துச் செல்லப்படும் உடல், அடுக்கிய விறகு, தீ. பழைய செய்தித்தாள்களில் வந்த கும்பற்கொலைப் படங்களை அறிந்த எவருக்கும் அவற்றின் சாயல் தப்பாது.

பென்னின் பாத்திரம் கறுப்பினத்தவராக எழுதப்பட்டதன்று. நடிப்புத் தேர்வில் டுவேன் ஜோன்ஸ் சிறந்து விளங்கியமையாலேயே அவர் தெரிவுசெய்யப்பட்டார் என ரொமேரோ பலமுறை கூறியுள்ளார். முடிவுற்ற படத்தை விநியோகத்துக்காக நியூயோர்க்குக்குக் காரில் எடுத்துச் சென்ற வழியிலேயே, 1968 ஏப்ரல் 4ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை வானொலியிற் கேட்டதாகவும் அவர் கூறியுள்ளார். ஆகவே இப்படம் அரசியற் பிரசாரமாகத் திட்டமிடப்பட்டதெனக் கூறவியலாது. படைப்பாளியின் நோக்கத்தைக் காட்டிலும் படைப்பு தன் காலத்தை ஆழமாக அறிந்திருந்தது என்பதே பொருத்தமான கூற்று. ஆள்வோருக்கு அஞ்சி இரவைக் கழித்து, விடியலில் வந்த காலடியோசை காப்பவனுடையதா கொல்பவனுடையதா எனத் தெரியாது நின்ற மக்கள் உலகிற் பல நாடுகளில் உளர். அவர்களுக்கு இக்காட்சியை விளக்க உரையாசிரியர் எவரும் தேவையில்லை.

இவ்விழை அறுந்துபோகவில்லை என்பதற்கு ஜோர்டன் பீல் நெறியாண்ட ‘கெட் அவுட்’ (2017) சான்றாகும். வெள்ளையினக் குடும்பமொன்றின் கொடிய பொறியிலிருந்து உயிர்தப்பிய கறுப்பின இளைஞன் வீதியில் நிற்கையில், பொலிஸ் வாகனத்தினது போன்ற சுழல்விளக்கின் ஒளி அவன்மீது விழுகின்றது. வேறு படங்களில் மீட்பின் அடையாளமாக அமையும் அவ்வொளி இங்கே பார்வையாளரை மூச்சடைக்கச் செய்கின்றது. வந்தவன் நண்பனே என்பது பின்னரே தெரிகின்றது. இளைஞன் பொலிஸாராற் கைதுசெய்யப்படுவதாக வேறொரு முடிவும் முதலிற் படமாக்கப்பட்டிருந்தது. அரை நூற்றாண்டின் பின்னரும் ‘தம் இறை’ அச்சத்தின் நிலைக்களனாகவே நிற்கின்றது.

திறனாய்வாளர் ரொபின் வூட், அமெரிக்க அச்சத் திரைப்படங்கள் பற்றி 1979இல் எழுதுகையில், ஒரு சமூகம் தன்னுள் அடக்கிவைப்பதே அங்கு அரக்க உருவிற் திரும்பி வருகின்றது என்னும் கருத்தை முன்வைத்தார். பயன்மிக்க கருத்து அது. ஆயினும் அது அரக்கன் யார் என்ற வினாவையே முதன்மைப்படுத்துகின்றது. இங்கு ஆராய்ந்த படங்களோ காவலன் யார் என்ற வினாவைச் சமமான முக்கியத்துவத்துடன் எழுப்புகின்றன. சிறிய தந்தை, ஆசிரியை, கணவன், வைத்தியர், அயலார், ஷெரிப் ஆகியோர் அரக்கர் அல்லர். அவர்களுட் பலர் நல்லெண்ணம் உடையோரும்கூட. அதனாலேயே அவர்கள்பால் எழும் அச்சம் எளிதில் அகல்வதில்லை.

எல்லா அச்சப்படங்களும் இவ்வளவுகோலுக்கு அமைய வேண்டுமென்பதில்லை. வெறும் விளையாட்டாகத் திடுக்குறுவதிலும் ஓர் இன்பம் உண்டு. விழா இரவுக்கு அது பொருந்தும். ஆயினும் விழா முடிந்து விளக்கேற்றிய பின்னரும் உடன்வரக்கூடிய படத்தை நாடுவோர், மேற்கூறிய நான்கையும் ‘த இன்னசென்ட்ஸ்’, ‘கட் பீப்பிள்’, ‘ஹலோவீன்’, ‘நைட் ஒவ் த லிவிங் டெட்’ என்ற வரிசையிலேயே பார்த்தல் நன்று. கால வரிசை அதுவன்று; அச்சம் மாளிகையிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து வீதிக்கும், வீதியிலிருந்து அரசின் துப்பாக்கி முனைக்கும் நகரும் வரிசை அது. பேய்க்கு அஞ்சும் குழந்தை பெற்றோரின் அறைக்கு ஓடுகின்றது. அவ்வறையின் கதவு திறக்காவிட்டால் அதன் நிலை என்ன என்பதையே இந்நான்கு படங்களும் கேட்கின்றன.